துண்டு பச்சையானால் கிட்னி போச்சா?

ஓசூர் சிப்காட் பக்கம் வேலைக்குப் போகிறவர்களில் பலருக்கு இந்தக் குழப்பம் வந்திருக்கும். கம்பெனியில் வருடாந்தர மெடிக்கல் செக்கப். சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் சிறுநீர் பிடித்துக் கொடுக்கிறார்கள். ரிப்போர்ட்டில் 'ஆல்புமின் 1+' என்று வருகிறது. "யூரின்ல உப்பு போகுதுப்பா, கிட்னி ஜாக்கிரதை" என்று யாரோ சொல்கிறார்கள். அன்றிரவே வீட்டில் பருப்பும் முட்டையும் நிறுத்தப்படுகின்றன. பத்து நாள் கழித்துக் கைக்காசு போட்டு வெளி லேபில் பார்த்தால் 'நில்'. எதை நம்புவது? முதல் சோதனை தப்பா, இரண்டாவது தப்பா? பத்து நாளில் கிட்னி தானாகச் சரியாகிவிட்டதா?

இதற்கு நேரெதிரான கதையும் உண்டு. வருடா வருடம் 'நில்' வந்தவர், கால் வீங்கி, மூச்சு வாங்கி, பெங்களூரு ஆஸ்பத்திரி ஒன்றில் போய்ச் சேர்கிறார். கிரியேட்டினின் எட்டு, டயாலிசிஸ் வேண்டும் என்கிறார்கள். "வருஷா வருஷம் யூரின் பாத்தாங்களே!" என்று மனைவி கேட்கிற கேள்விக்கு அங்கே யாரிடமும் பதில் இருப்பதில்லை.

இரண்டு கதையிலும் சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கும் சோதனைத் துண்டு தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கலாம். அது எப்படி என்று பார்ப்பதுதான் இந்த அத்தியாயம்.

வடிகட்டியில் கசிவு

ஒரு சிறுநீரகத்தில் ஏறக்குறைய 10 லட்சம் நுண்வடிகட்டிகள் இருக்கின்றன. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, அதில் ஒன்றரை லிட்டர் போல மட்டும் வெளியே விட்டு, மீதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. இரத்தத்தில் மிதக்கும் ஆல்புமின் என்ற புரதம் பெரிய மூலக்கூறு. நல்ல வடிகட்டி அதை வெளியே விடாது. வடிகட்டியின் சுவர் பழுதானால் ஆல்புமின் கசியத் தொடங்கும். ஆரோக்கியமான ஒருவருக்கு நாள் முழுவதும் போகும் சிறுநீரில் எல்லாப் புரதமும் சேர்ந்தே 150 மில்லிகிராமுக்குள் இருக்கும். ஆல்புமின் மட்டும் என்றால் 30 மில்லிகிராமுக்குள்.

சர்க்கரை நோயிலும் இரத்த அழுத்தத்திலும், சிறுநீரகம் செயலிழப்பதற்குப் பல வருடம் முன்பே இந்தக் கசிவு ஆரம்பித்துவிடும். அந்தக் காலம் முழுவதும் வலி இல்லை, வீக்கம் இல்லை, சிறுநீரின் அளவிலும் மாற்றம் இல்லை. இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறுவதோ, வடிகட்டிகளில் பாதிக்கு மேல் போன பிறகுதான் பளிச்சென்று தெரியும். ஆகவே கசிவைப் பிடித்தால் பல வருடம் கையில் கிடைக்கிறது. மாத்திரைக்கும் உப்புக் குறைப்புக்கும் பலன் இருக்கிற வருடங்கள் அவை. சில ரூபாய்த் துண்டு ஒன்றின் மேல் இத்தனை நம்பிக்கை வைக்கப்படுவதற்கு இதுவே காரணம்.

மஞ்சளிலிருந்து பச்சைக்கு

பழைய ஆரம்ப சுகாதார நிலையங்களில் சோதனைக் குழாயில் சிறுநீரை ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் காட்டிச் சூடாக்கி, அமிலச் சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். புரதம் இருந்தால் கலங்கும். அந்த விளக்கையும் குழாயையும் ஒதுக்கியது அமெரிக்காவில் மைல்ஸ் லேபரட்டரீஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹெலன் ஃப்ரீ, ஆல்ஃபிரட் ஃப்ரீ என்ற வேதியியல் தம்பதியின் உழைப்பு. 1956-இல் சர்க்கரைக்கான துண்டு வந்தது. அடுத்த ஆண்டே புரதத்துக்கான துண்டும் வந்துவிட்டது.

இன்றைக்குக் கையில் எடுக்கும் துண்டிலும் அதே வேதியியல்தான். பிளாஸ்டிக் பட்டையின் நுனியில் சின்னச் சதுரமாக ஓர் அட்டைப்பஞ்சு ஒட்டியிருக்கும். அதில் ஒரு நிறங்காட்டிச் சாயமும், அமிலத்தன்மையை ஒரே நிலையில் பிடித்து வைக்கும் உப்பும் ஊறியிருக்கின்றன. அந்த அமில நிலையில் சாயம் மஞ்சள். ஆல்புமின் வந்து சாயத்தோடு ஒட்டிக்கொண்டால், அமிலம் மாறாமலே சாயத்தின் நிறம் மட்டும் மாறும். வெளிர்பச்சை, பச்சை, நீலப்பச்சை. குப்பியின் மேல் அச்சடித்த நிற அட்டையோடு ஒப்பிட்டு 'நில்', 'ட்ரேஸ்', '1+', '2+' என்று எழுதுகிறார்கள்.

இங்கே இரண்டு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். துண்டு ஆல்புமினைத்தான் நன்றாகப் பிடிக்கும், மற்றப் புரதங்களுக்கு அதன் கண் மங்கல். அடுத்தது, அது பார்ப்பது செறிவை. டப்பாவில் இருக்கும் ஒரு டெசிலிட்டர் சிறுநீரில் எத்தனை மில்லிகிராம் என்பதை மட்டுமே அது சொல்லும். 1+ என்றால் சுமார் 30. நாள் முழுக்க எவ்வளவு போகிறது என்பது அதற்குத் தெரியாது. குழப்பங்களில் பாதி இங்கேதான் பிறக்கின்றன.

ஆயிரம் பேர், ஒரு துண்டு

ஒரு சோதனை நல்லதா என்று கேட்டால் இரண்டு எண் வேண்டும். நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு எத்தனை பேரை அது பிடிக்கிறது என்பது ஒன்று. அதைப் பிடிதிறன் என்று வைத்துக்கொள்வோம். நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு எத்தனை பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்பது மற்றொன்று. அது விடுதிறன்.

ஆஸ்திரேலியாவில் பொதுமக்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் துண்டையும் லேப் சோதனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். லேப் சோதனை என்பது ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம். ஏசிஆர் என்று எழுதிக் கொடுப்பார்கள். அது 30-ஐத் தாண்டினால் கசிவு என்று கணக்கு. துண்டு 1+ காட்டினால் 'பாசிட்டிவ்' என்று வைத்துக்கொண்டபோது பிடிதிறன் சுமார் 58, விடுதிறன் சுமார் 95.4.

இதை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். ஒரு தொழிற்சாலையில் எல்லா வயதும் கலந்த ஆயிரம் பேர். அவர்களில் 70 பேருக்குக் கசிவு இருக்கிறது என்று கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். மீதி 930 பேருக்கு இல்லை.

துண்டு அந்த 70 பேரில் 58 சதவீதத்தை, அதாவது சுமார் 40 பேரைப் பிடிக்கும். 30 பேர் 'நில்' அல்லது 'ட்ரேஸ்' என்ற முத்திரையோடு வீட்டுக்குப் போவார்கள். கசிவு இல்லாத 930 பேரில் 4.6 சதவீதம், அதாவது 43 பேருக்குத் துண்டு பச்சையாகும். ஆக மொத்தம் 83 பேர் கையில் '1+' ரிப்போர்ட். அதில் உண்மையானது 40, வெறும் பயம் 43.

ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் கிடக்கிறவருக்கு இந்தக் கணக்கு முக்கியம். அவருக்கு உண்மையாகவே கசிவு இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. 'கிட்னி போச்சு' என்பதற்கு இது வெகு தூரம். 'ஒன்றுமில்லை, விடு' என்பதற்கும் வெகு தூரம்.

தப்பிப் போன 30 பேர் யார்? அதே ஆய்வில், விகிதம் 300-ஐத் தாண்டிய பெருங்கசிவு உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 99 பேரைத் துண்டு பிடித்துவிட்டது. அப்படியானால் தப்பியவர்களில் ஏறக்குறைய எல்லோரும் சிறு கசிவுக்காரர்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 'ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கலாம்' என்று சொல்லித்தான் துண்டு விற்கப்படுகிறது. அது மிகத் திறமையாகப் பிடிப்பதோ முற்றிய கசிவை. ஆரம்பக் கசிவில் நழுவவிடுவது அதிகம். ஆகவே ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு 'கிட்னி சுத்தம்' என்று எழுதிக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வருடா வருடம் பார்த்தால் கதை வேறு. இந்த வருடம் நழுவிய சிறு கசிவு வளர்ந்துகொண்டே போனால் அடுத்தடுத்த வருடங்களில் வலையில் விழும். ஜப்பானில் 1970-களிலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கும் தொழிலாளர்களுக்கும் ஆண்டுதோறும் சிறுநீர்ச் சோதனை நடக்கிறது. அங்கே துண்டுக்குக் கிடைக்கும் பலத்தில் பெரும்பங்கு அந்தத் தொடர்ச்சியிலிருந்து வருகிறது.

'ட்ரேஸ் வந்தாலே பாசிட்டிவ் என்று வைத்துக்கொண்டால் நிறையப் பேரைப் பிடிக்கலாமே?' என்று கேட்கலாம். வலைக்கண்ணைச் சிறிதாக்கினால் சின்ன மீன் மாட்டும், கூடவே பாசியும் செத்தையும் மாட்டும். அதே ஆய்வில் அப்படிப் பார்த்தபோது பிடிதிறன் 69-க்கு ஏறியது, விடுதிறன் 87-க்கு இறங்கியது. நம் ஆயிரம் பேரில் 48 பேர் சரியாக மாட்டுவார்கள், தேவையில்லாமல் 120 பேருக்கு மேல் மாட்டுவார்கள். எட்டுப் பேரைக் கூடுதலாகப் பிடிக்க எண்பது பேரைக் கூடுதலாக அலைய விடுகிறோம்.

யாரிடம் பார்க்கிறோம்?

இப்போது துண்டை மாற்றாமல் ஆட்களை மட்டும் மாற்றுவோம். ஓசூர், சூளகிரி, போச்சம்பள்ளி பக்கத்துப் புதிய எலெக்ட்ரானிக்ஸ், மின்வாகன ஆலைகளில் வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பிள்ளைகள். அப்படி ஆயிரம் பேரில் 20 பேருக்கு மட்டும் கசிவு என்று வைத்துக்கொண்டால், சரியாக மாட்டுவது 12 பேர், வீணாக மாட்டுவது 45 பேர். ஐந்து '1+'-இல் ஒன்றுதான் உண்மை.

அடுத்து, சர்க்கரை நோய் மருந்து வாங்க வரும் ஆயிரம் பேர். அவர்களில் 300 பேருக்குக் கசிவு என்று வைத்துக்கொள்வோம். சரியாக மாட்டுவது 174 பேர், வீணாக மாட்டுவது 32 பேர். இங்கே ஆறு '1+'-இல் ஐந்து உண்மை.

ஒரே குப்பி, ஒரே நிறம், ஒரே நர்ஸ். ரிப்போர்ட்டின் பொருள் மட்டும் தலைகீழாகிறது. 2023 ஜூலையில் தமிழ்நாடு அரசு சேலத்தில் தொடங்கிவைத்த சிறுநீரகப் பாதுகாப்புத் திட்டம் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குச் சிறுநீர்ச் சோதனையைக் கொண்டுபோனது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மருந்து வாங்க வருகிறவர்கள் கூடும் இடம் அது. துண்டு தன் முழு மதிப்பையும் காட்டும் இடமும் அதுதான்.

தண்ணீர் குடித்தவரும் குடிக்காதவரும்

துண்டு செறிவைத்தான் பார்க்கிறது என்றேன். அதன் விளைவு என்ன? இரண்டு பேருக்கும் நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் புரதம் கசிகிறது. ஒருவர் ஏசி அறையில் உட்கார்ந்து, மேசையில் பாட்டில் வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறார். நாளுக்கு மூன்று லிட்டர் சிறுநீர் போகிறது. டெசிலிட்டருக்குப் பத்து மில்லிகிராம். துண்டு மஞ்சளாகவே இருக்கும், 'நில்'. மற்றவர் ஃபவுண்டரியில் உருக்கு ஊற்றும் இடத்தில் நிற்கிறார். வியர்வையில் போனது போக ஒரு லிட்டர்தான் சிறுநீர். டெசிலிட்டருக்கு முப்பது. '1+'. ஒரே அளவு கசிவு, இரண்டு ரிப்போர்ட்.

மூன்றாவதாக ஒருவர், கசிவே இல்லாதவர். நாளுக்கு 120 மில்லிகிராம், இயல்பான அளவு. ஆனால் தண்ணீர் குடிப்பதில்லை, அரை லிட்டர்தான் போகிறது. டெசிலிட்டருக்கு 24. 'ட்ரேஸ்' காட்டும். ரிப்போர்ட்டைப் பார்த்து அவர் பயப்படுவார், முதலாமவர் நிம்மதியாகத் தூங்குவார்.

மூன்றாமவர் பெரும்பாலும் பெண்ணாக இருப்பார் என்பது என் கணிப்பு. வரிசையில் இடத்தை விட்டுப் போக முடியாது, கழிப்பறை தூரம், இடைவேளை பத்து நிமிடம் என்றால் பெண்கள் செய்வது ஒன்றே ஒன்று: தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது. இதனால் வரும் நீர்த்தாரைத் தொற்றும் துண்டைப் பச்சையாக்கலாம். மாதவிலக்கு நாட்களில் எடுத்த சிறுநீரும் அப்படியே. செக்கப் தேதியைத் தள்ளிப் போட்டுக்கொள்ள அவர்களுக்கு உரிமை வேண்டும், காரணம் கேட்காமல்.

ஏசிஆர் சோதனை இந்தச் சிக்கலை அழகாகத் தாண்டுகிறது. கிரியேட்டினின் தசையிலிருந்து நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும் கழிவு. தண்ணீர் அதிகம் குடித்தால் ஆல்புமினும் நீர்த்துப்போகும், கிரியேட்டினினும் அதே விகிதத்தில் நீர்த்துப்போகும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் தண்ணீர்க் கணக்கு அடிபட்டுப் போகும்.

நின்றால் வரும், படுத்தால் போகும்

இளைஞர்களில் சிலருக்கு நின்றுகொண்டே இருக்கும்போது மட்டும் சிறுநீரில் புரதம் போகும். இரவு படுத்து எழுந்து பிடிக்கும் முதல் சிறுநீரில் இருக்காது. இதற்கு மருந்து வேண்டாம், வயது ஏறஏறத் தானே மறையும். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு, ஷிப்ட் முடிகிற நேரத்தில் டப்பாவில் பிடித்துக் கொடுக்கும் பிள்ளைக்கு '1+' வந்தால் இதை முதலில் நினைக்க வேண்டும். காய்ச்சல், கடும் உடலுழைப்பு, முந்தின நாள் ஆடிய கபடி, இவையும் ஓரிரு நாளுக்குப் புரதத்தை வெளியே விடும்.

முதல் கதைக்கு விடை இப்போது கையில் இருக்கிறது. பத்து நாளில் கிட்னி கெட்டுச் சரியாகவில்லை. ஷிப்ட் முடிவில், வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் கொடுத்த சிறுநீரும், காலையில் எழுந்து கொடுத்த சிறுநீரும் வேறு வேறு. காலை முதல் சிறுநீரில் பார்த்ததையே மருத்துவர்கள் அதிகம் நம்புவார்கள். கசிவு நாள்பட்டதா என்று சொல்ல, மூன்று மாத இடைவெளிக்குப் பிறகும் அது இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

குப்பியின் மூடி

துண்டுக் குப்பியின் மூடிக்குள் ஈரத்தை உறிஞ்சும் பொருள் வைத்திருப்பார்கள். மூடியைத் திறந்துபோட்டுவிட்டு வரிசையில் நூறு பேரைச் சோதித்தால், கடைசி ஆளுக்கு எடுக்கும் துண்டு காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டிருக்கும். குப்பியில் 30 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள் என்று போட்டிருக்கும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் குளுகுளுவென்று இருக்கலாம். மலை இறங்கி கிருஷ்ணகிரி, பர்கூர் போனால் ஏப்ரல் மாதத்தில் முகாம் வண்டியின் உள்ளே 30 டிகிரி என்பது கனவு.

நேரமும் முக்கியம். நனைத்து எடுத்து, டப்பாவின் விளிம்பில் பக்கவாட்டில் இழுத்து மீதி நீரை வடித்து, புரதச் சதுரத்தை 60 விநாடியில் படிக்க வேண்டும் என்பது பல துண்டுகளுக்கு உள்ள விதி. இருபது டப்பாவை வரிசையாக வைத்து எல்லாவற்றிலும் நனைத்துவிட்டு முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தால், முதல் துண்டுக்குள் ஐந்து நிமிட வேதியியல் நடந்திருக்கும். கிருமிநாசினி போட்டுக் கழுவிய டப்பா, நாள்பட்டு நின்று காரமாகிப்போன சிறுநீர், மங்கலான மஞ்சள் பல்பு வெளிச்சம், ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு 'பிளஸ்' சேர்த்துவிடும். படிப்பவருக்கு நிறக்குருடு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வேலையைக் கொடுப்பதும் நல்லது.

துண்டுக்குத் தெரியாத நோய்

இரண்டாவது கதைக்கு வருவோம். வருடா வருடம் 'நில்' வந்தும் சிறுநீரகம் போனவர்.

இதுவரை பேசியது வடிகட்டி பழுதாகும் நோயைப் பற்றி. சிறுநீரகத்தில் வடிகட்டிக்குப் பின்னால், நீரைத் திரும்ப உறிஞ்சும் நுண்குழாய்கள் இருக்கின்றன. அவை முதலில் பழுதாகும் நோய்களில் ஆல்புமின் அவ்வளவாகக் கசியாது. துண்டு மஞ்சளாகவே இருக்கும். மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்கள், இலங்கையின் வடமத்திய மாகாண நெல்வயல்கள், ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதி, எல்லா இடத்திலும் சர்க்கரையும் பிரஷரும் இல்லாத உழைப்பாளிகளின் சிறுநீரகத்தைத் தின்ற நோய் பெரும்பாலும் இந்த வகை. காரணம் இன்னும் முடிவாகவில்லை. வெயிலில் நீர் வற்றி வற்றி உழைப்பது ஒரு முக்கியச் சந்தேகம். பூச்சிமருந்து, குடிநீர் என்று மற்றச் சந்தேகங்களும் உண்டு.

தமிழ்நாட்டிலும் தடயங்கள் இருக்கின்றன. போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு உப்பளத் தொழிலாளர்களைச் சோதித்து 2023-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 7 பேருக்குச் சிறுநீரகத்தின் வடிக்கும் திறன் குறைந்திருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரி சிறுநீரகவியல் துறையினர் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்து, சில மாதம் கழித்து மறுபடி சோதித்து உறுதி செய்தபோது, நூற்றுக்கு ஐந்து பேர் போல நாள்பட்ட சிறுநீரக நோயோடு இருந்தார்கள். அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சர்க்கரை, பிரஷர் போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லை.

நம் எல்லைப் பகுதியில் வெப்பத்தில் உழைப்பவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். ஃபோர்ஜிங், டை காஸ்டிங், ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைகள். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்துக் கிரானைட் குவாரிகள். மே, ஜூனில் இரவு பகலாக ஓடும் மாங்கூழ் ஆலைகள். பாகலூர், தளி பக்கம் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்கள்; வெளியே ஓசூர் குளிர் இருக்க, பாலித்தீன் கூரைக்குள் பூப்பறிக்கும் பெண்களுக்கு மட்டும் கோடை. இவர்களிடம் துண்டை மட்டும் காட்டி 'நில்' என்று அனுப்புவது ஆபத்தான ஆறுதல். இவர்களுக்கு இரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்து, வயதும் பாலினமும் சேர்த்து வடிக்கும் திறனைக் கணக்கிட வேண்டும். இ-ஜிஎஃப்ஆர் என்று ரிப்போர்ட்டில் இருக்கும் எண் அது. எந்த லேபிலும் செய்யும் சாதாரணச் சோதனைதான். உலைக்கு முன்னால் நிற்பவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை அதைச் செய்யாமல் பத்துக் கட்டத் துண்டு, பன்னிரண்டு கட்டத் துண்டு என்று வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

நெகட்டிவ்களையும் அனுப்புங்கள்

ஒரு தொழிற்சாலை மருத்துவமனையோ ஒரு சுகாதார நிலையமோ தான் வாங்கும் துண்டு தேறுமா என்று தானே மதிப்பிட்டுக்கொள்ள முடியும். பெரும்பாலோர் செய்யும் தவறு, பாசிட்டிவ் வந்தவர்களை மட்டும் லேபுக்கு அனுப்புவது. நம் கணக்கில் 83 பேரை அனுப்பினால் 40 உண்மை, 43 வீண் என்று தெரியும். நழுவிய 30 பேரைப் பற்றி ஒன்றும் தெரியாது. 'நம் துண்டு யாரையும் விடவில்லை' என்று மனப்பூர்வமாக நம்பிக்கொண்டிருப்போம்.

துண்டில் '1+' வராத 917 பேரில் பத்துக்கு ஒருவரைச் சீட்டு எடுத்து, சுமார் 92 பேருக்கு ஏசிஆர் பாருங்கள். அதில் மூன்று பேருக்குக் கசிவு தெரிந்தால், பத்தால் பெருக்கி, மொத்தம் 30 பேர் நழுவியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம். 40-உம் 30-உம் சேர்ந்து 70. பிடிதிறன் 70-இல் 40. மூன்று என்பது சிறிய எண், அதிர்ஷ்டத்தில் ஒன்றாகவோ ஆறாகவோ இருக்கலாம்; இரண்டு மூன்று வருடம் சேர்த்துப் பார்த்தால் நிலைப்படும். வெப்பப் பிரிவில் இருப்பவர்களைத் தனியாகப் பிரித்துக் கணக்கெடுத்து, அவர்களுக்கு இ-ஜிஎஃப்ஆரும் சேர்த்துப் பார்த்தால், துண்டின் குருட்டுப் பக்கம் எவ்வளவு பெரியது என்பதும் தெரியவரும்.

திரும்பி வருகிறவர்கள் எத்தனை பேர்?

1990-களின் கடைசியில் சென்னையின் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் நகரை அடுத்த கிராமங்களில் சுமார் 25,000 பேரிடம் ஒரு திட்டம் நடத்தினார். அந்தந்த ஊரிலேயே பள்ளிப் படிப்பு முடித்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்த்து, சிறுநீரில் ஆல்புமினும் சர்க்கரையும் பார்த்தார்கள். அங்கே துண்டுகூட இல்லை, சொட்டு மருந்து விட்டுக் கலங்குகிறதா என்று பார்க்கும் மலிவான வேதிச் சோதனைதான். கோளாறு தெரிந்தவர்களை மருத்துவர் பார்த்தார், விலை குறைந்த மாத்திரைகள் கொடுக்கப்பட்டன, அதே பெண்கள் மறுபடி மறுபடி போய்ப் பார்த்தார்கள். தலைக்கு ஆண்டுக்கு ஆன செலவு அரை டாலருக்கும் குறைவு. அந்தத் திட்டத்தில் நான் மதிப்பது சோதனையைவிட அந்த மறுபடி மறுபடியை.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இது புதிதல்ல. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியதே 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி இம்மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கும் பெண் தன்னார்வலரிடம் "அண்ணே, நாளைக்குக் காலைல எழுந்ததும் முதல்ல வர்ற யூரினை இந்த டப்பாவுல பிடிச்சு வைங்க, நான் வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்ல ஒரு டப்பாவும் இருந்தால் போதும், ஷிப்ட் முடிவுச் சிறுநீரின் சிக்கல் பாதி தீரும்.

தொழிற்சாலையில்தான் கஷ்டம். முதல் சோதனையில் '1+' வந்த ஒப்பந்தத் தொழிலாளி மூன்று மாதம் கழித்து வேறு ஏஜென்சியில், வேறு ஆலையில் இருப்பார். அத்திப்பள்ளியில் வாடகைக்குக் குடியிருந்து ஜூஜூவாடி தாண்டி வேலைக்கு வருகிறவருக்கு வீடு ஒரு மாநிலம், வேலை ஒரு மாநிலம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர் ஊருக்கே போயிருக்கலாம். நம் 83 பேரில் பாதிப் பேர்தான் மறுசோதனைக்கு வருகிறார்கள் என்று வையுங்கள். உண்மையான 40-இல் 20 பேர்தான் சிகிச்சைக்குப் போய்ச் சேர்வார்கள். துண்டின் பிடிதிறன் 58. திட்டத்தின் பிடிதிறன் எழுபதுக்கு இருபது, 29.

எத்தனை விலை உயர்ந்த துண்டு வாங்கினாலும் இந்த 29 ஏறாது. ரிப்போர்ட்டைக் கம்பெனிக் கோப்பில் வைக்காமல் தொழிலாளியின் கையிலும் போனிலும் கொடுத்தால் ஏறும். மூன்று மாதம் கழித்து இந்தியிலோ கன்னடத்திலோ தெலுங்கிலோ போன் போட்டு அழைக்க ஒரு ஆள் இருந்தால் ஏறும். மறுசோதனைக்குப் போகிற அரை நாளுக்குச் சம்பளம் பிடிக்காமல், '1+' வந்ததற்காக யாரையும் வேலையிலிருந்து நிறுத்தாமல் இருந்தால் இன்னும் ஏறும்.